எங்கள் மாப்பிள்ளை இல்லை என்று நிரூபிக்கப்பட்ட வரலாறு

உலகத்தில் பொய்யை ஒழிக்க எத்தனையோ பேர் பாடுபட்டிருக்கிறார்கள். மகான்கள் பாடுபட்டு மண்டையைப் போட்டார்கள். நீதிமன்றங்கள் பாடுபட்டு அடுத்த தேதி கொடுத்தன. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், காபி ஆறுவதற்குள், பொய்யை அடியோடு ஒழித்துக் காட்டிய பெருமை எங்கள் மின்தூக்கிப் பராமரிப்பு நிறுவனத்தையே சேரும். நான் அதன் நிர்வாகப் பிரிவுக் கண்காணிப்பாளர். சும்மா அளக்கவில்லை. சட்டையில் பச்சைப் பேட்ஜ் குத்திக்கொண்டுதான் சொல்கிறேன். அது என்ன பேட்ஜ் என்பது போகப் போகத் தெரியும்.

மின்தூக்கி என்பதெல்லாம் பெயர்ப்பலகையில்தான். மற்றபடி எல்லோருக்கும் லிஃப்ட். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனாலும் எங்களுக்கு ஃபோன் வரும். புகார்ப் பிரிவில் இருப்பவர் எடுத்து, "மெக்கானிக் கிளம்பிட்டார் சார், பத்து நிமிஷத்துல வந்துடுவார்" என்பார். மெக்கானிக் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். இந்த வாக்கியத்தை நாங்கள் ஒருநாளும் பொய் என்று நினைத்ததில்லை. அது எங்கள் "சேவை". மேசைக் கண்ணாடிக்கு அடியில் பெரிய எழுத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறோம்.

அந்தப் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர் என் தங்கையின் கணவர். மேலாளரின் கையைக் காலைப் பிடித்து நான்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தேன். மாப்பிள்ளை நல்லவர். அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயமும் அதுதான். கண்ணாடிக்கு அடியில் உள்ள வாக்கியத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு, உடனே குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் நீங்க படியில ஏறிடுங்க சார், அதான் நல்லது" என்று சேர்த்துவிடுவார். வீட்டிலும் இதே கதைதான். தங்கை முடியை வெட்டிக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "முன்னாடி நல்லா இருந்துச்சு" என்பார். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடப்பதை எழுதினால் இந்த வரலாறு வேறு திசையில் போய்விடும்.

அவருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தங்கைக்கோ நிறைமாதம். வேலை நிரந்தரமாக வேண்டும், பிரசவ நேரத்தில் பக்கத்தில் இருக்க விடுப்பு கிடைக்க வேண்டும். அந்த வீட்டின் கவலை மொத்தமும் இந்த இரண்டுக்குள் அடக்கம். இரண்டும் எங்கள் மேலாளர் கையில்.

அந்த மேலாளர்தான் பயிற்சி முகாமுக்குப் போனார். "தர்க்கத்தால் தலைமை" என்பது முகாமின் பெயர். ஏசி ஓட்டலில் நடந்தது. போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது கழுத்தில் ஓர் அடையாள அட்டையும் கண்ணில் ஒரு வெளிச்சமும் தொங்கின. அட்டையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டார். வெளிச்சத்தை மட்டும் அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

உடனே கூட்டம் போட்டார்.

"ஒரு தீவு" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டோம். "அந்தத் தீவுல ரெண்டே வகை ஜனங்க. மெய்யர், பொய்யர். மெய்யர் வாயைத் திறந்தா உண்மை. பொய்யர் வாயைத் திறந்தா பொய். நடுவுல எதுவும் கிடையாது."

"அந்தத் தீவுல லிஃப்ட் இருக்கா சார்?" என்று கேட்டார் எங்கள் உதிரிபாகங்களைப் பூட்டி வைத்துக்கொண்டிருக்கும் ஸ்டோர்காரர்.

"இல்ல."

"அப்ப நமக்கு அங்க என்ன சார் வேலை?"

மேலாளர் பொறுத்துக்கொண்டார். தர்க்கம் படித்தவர்களுக்குப் பொறுமை அதிகம். "கவனிங்க. பாதை ரெண்டாப் பிரியுது. ஒண்ணு ஊருக்குப் போகுது. இன்னொண்ணு புலிக் குகைக்குப் போகுது. அங்க ரெண்டு பேர் காவலுக்கு நிக்கறாங்க. ஒருத்தர் மெய்யர், ஒருத்தர் பொய்யர். யார் எவர்னு நமக்குத் தெரியாது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம். என்ன கேட்பீங்க?"

"புலி சாப்பிட்டாச்சான்னு கேட்பேன் சார்" என்றார் கணக்கர் அம்மா.

"நீங்க எதைக் கேட்கச் சொல்றீங்களோ அதைக் கேட்பேன் சார்" என்றேன் நான். மேலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். துணை மேலாளர் நாற்காலி காலியாக இருந்த காலம் அது.

மாப்பிள்ளை மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். "எதுக்கு சார் கேட்டுக்கிட்டு? காலையில அவங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கத்துலேர்ந்து வேலைக்கு வர்றாங்கன்னு பார்த்தாப் போதுமே. புலிக் குகையிலேர்ந்து யாரும் டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வரமாட்டாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேலாளர் சிரிக்கவில்லை. சரியான விடையை வெள்ளைப் பலகையில் அம்புக்குறி போட்டு எழுதினார். "ஊருக்கு எது வழி என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?" என்று இவரைக் கேட்க வேண்டும். இவர் எதைக் காட்டுகிறாரோ, அதை விட்டு மற்றதில் போக வேண்டும். அதற்குள் புலியே வந்து நம்மைக் கையோடு அழைத்துப் போய்விடும் என்று ஸ்டோர்காரர் முணுமுணுத்தார்.

அன்று முதல் எங்கள் அலுவலகத்தில் நேராகக் கேள்வி கேட்பது நாகரிகக் குறைவு ஆயிற்று. "ஸ்க்ரூ இருக்கா?" என்று ஸ்டோர்காரரை யாரும் கேட்பதில்லை. "ஸ்க்ரூ இருக்கான்னு உங்களைக் கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு கணக்கர் அம்மாவைக் கேட்டா, அவங்க என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டோம். அவர் "இல்ல" என்பார். எப்படிக் கேட்டாலும் அவர் "இல்ல" என்றுதான் சொல்வார் என்பதால் வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு அட்டைப் பெட்டிகளும் வந்தன. ஒன்று நிறைய "மெய்யர்" என்று எழுதிய பச்சைப் பேட்ஜ். மற்றது நிறைய "பொய்யர்" என்று எழுதிய சிவப்புப் பேட்ஜ். ஊழியர்கள் ஒவ்வொருவராக மேலாளர் அறைக்குள் வர வேண்டும். கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் மெய்யரா, பொய்யரா?" நான் பக்கத்தில் உட்கார்ந்து பேட்ஜ் குத்திவிட்டேன்.

ஸ்டோர்காரர் மெய்யர். கணக்கர் அம்மா மெய்யர். மூன்று மெக்கானிக்குகளும் சேர்ந்தே வந்து, "மெய்யர்தான் சார், சொல்லிட்டோம், கிளம்பிட்டோம்" என்று சொல்லிவிட்டுக் கான்டீனுக்குப் போனார்கள். நானும் மெய்யர். மேலாளர் என்னைக் கேட்கவே இல்லை. நானாகவே சொல்லிவிட்டேன்.

வெளியே போன கணக்கர் அம்மா திரும்பி வந்து வாசலில் நின்றார். "சார், ஒரு சந்தேகம். பொய்யரைக் கேட்டா அவரும் 'மெய்யர்'னுதானே சொல்லுவார்? அப்ப இதுல என்ன சார் தெரிஞ்சுது?"

எனக்கு வியர்த்துவிட்டது. இப்படியா ஒரு பெரிய மனுஷரைப் பார்த்துக் கேட்பது? மேலாளர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஏம்மா, உங்களையெல்லாம் வேலைக்கு எடுத்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"நான் மெய்யரா, பொய்யரா?"

"ஐயோ, மெய்யர் சார்!"

"ஒரு மெய்யர் போய்ப் பொய்யரை வேலைக்கு எடுப்பாரா?"

"எடுக்கமாட்டார் சார்."

"அவ்வளவுதாம்மா தர்க்கம். போய் வேலையைப் பாருங்க."

எவ்வளவு எளிமை! எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பாக்கி மாப்பிள்ளை ஒருவர்தான். அவரை வராந்தாவில் மடக்கிப் பிடித்தேன். "மாப்பிள்ளை, ஒரே வார்த்தை. மெய்யர். சொல்லிட்டுப் பேட்ஜை வாங்கிட்டு வந்துடுங்க. கூடக் கொஞ்சம் எதுவும் சேர்க்காதீங்க. தங்கச்சி முகத்தை நினைச்சுக்குங்க."

"சரி மச்சான்" என்றார். உள்ளே போனார்.

"நீங்கள் மெய்யரா, பொய்யரா?"

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "சார், நாள் பூரா ஃபோன்ல 'மெக்கானிக் கிளம்பிட்டார்'னு சொல்றேன். அவர் கிளம்பறதே இல்ல. அப்ப நான் பொய்யர்தானே சார்?"

மேலாளர் சிவப்புப் பெட்டியில் கைவிட்டு ஒரு பேட்ஜை எடுத்தேவிட்டார். பாதியில் கை நின்றது.

"இருங்க. பொய்யர் எப்பவும் பொய்தானே பேசணும்? நீங்க 'பொய்யர்'னு உண்மையைச் சொல்லிட்டீங்களே. அப்ப நீங்க பொய்யர் இல்ல."

"ரொம்ப நல்லதாப் போச்சு சார். பச்சையே கொடுங்க."

"பச்சையை எப்படிக் கொடுக்கறது? மெய்யரா இருந்தா 'பொய்யர்'னு சொல்லியிருக்கமாட்டீங்களே."

"அப்ப சிவப்பே கொடுங்க சார். எனக்கு எந்தக் கலரா இருந்தாலும் சரி. அங்க ஃபோன் அடிச்சுக்கிட்டிருக்கு."

மேலாளர் அவரை நிற்க வைத்துவிட்டு வெள்ளைப் பலகைக்குப் போனார். எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் சுற்றறிக்கை எண் ஒன்று என் கையாலேயே தட்டச்சு செய்யப்பட்டது. "புகார்ப் பிரிவில் இருப்பதாகக் கூறப்படும் நபர் மெய்யர் அல்லர். பொய்யரும் அல்லர். மூன்றாவது வகை கிடையாது. ஆகவே மேற்படி நபர் இல்லை என்று இதனால் அறிவிக்கப்படுகிறது."

"என்னை வேலையிலேர்ந்து நீக்கறீங்களா சார்?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"சேச்சே! இருக்கறவரைத்தான் நீக்க முடியும். நீங்க இருந்ததே இல்லையே."

"பிரசவத்துக்கு விடுப்பு கேட்டிருந்தேனே சார்."

"இல்லாதவருக்கு எதுக்கு விடுப்பு? நீங்க வரவே வேண்டாம்!" மேலாளர் அதை ஒரு பெரிய சலுகை போலத்தான் சொன்னார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வழக்கம்போல வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை அனுப்பி வைத்திருந்தாள். "போங்க. போய் எல்லார் கண்ணுலயும் படற மாதிரி இருந்துட்டு வாங்க. எத்தனை நாளைக்குத்தான் இல்லைன்னு சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்றாளாம்.

ஆனால் எங்கள் அலுவலகக் கட்டுப்பாடு லேசுப்பட்டதல்ல. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. புகார் ஃபோனைக் கூடுதல் பொறுப்பாக ஏற்றிருந்த கணக்கர் அம்மா சுவரைப் பார்த்து, "நான் யாருகிட்டயும் பேசல. ஆனா ஜன்னல் ஓரமா இருக்கற காத்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தா எனக்கு வெளிச்சம் வரும்" என்றார். காற்று தள்ளி உட்கார்ந்தது. ஸ்டோர்காரர் ஒருபடி மேலே போய், தண்ணீர் கேனைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் மடியிலேயே வைத்துவிட்டார். கேட்டதற்கு, "காலி நாற்காலின்னு நினைச்சேன்" என்றார். பச்சைப் பேட்ஜ் போட்டவர், பொய்யா சொல்வார்?

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்த தங்கை மூன்றாம் நாள் தானே புறப்பட்டு வந்துவிட்டாள். வயிறு முன்னால் வர, அவள் பின்னால் வந்தாள். நான் மேசைக்கு அடியில் எதையோ தேடினேன். அவள் நேராக மேலாளர் அறைக்குள் போய் வயிற்றைச் சுட்டிக் காட்டினாள்.

"சார், இவர் இல்லைன்னு சொன்னீங்களாமே. அப்ப இது எப்படி சார்?"

மேலாளர் வயிற்றைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். எந்த நெருக்கடியிலும் நிலைகுலையாத மனிதர் அவர்.

"அம்மா, நீங்க கேட்கறது உயிரியல். நான் சொல்றது தர்க்கம். எங்க நிறுவனம் உயிரியல்ல தலையிடறதில்ல."

"தினம் ராத்திரி குறட்டை விடறாரே சார்! அதுவும் இல்லையா?"

"குறட்டை இருக்கலாம்மா. விடறவர் இல்ல."

வெளியே வந்த தங்கை என் மேசைப் பக்கம் திரும்பாமலே போய்விட்டாள். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "குடும்பமா, தர்க்கமான்னு வரும்போது தர்க்கத்துப் பக்கம் நின்னீங்க பாருங்க, அதான் துணை மேலாளருக்கு வேண்டிய தகுதி" என்றார். சுருக் கொஞ்சம் குறைந்தது.

அடுத்த வாரம் பயிற்சி முகாம்காரர்கள் எங்களுக்கு "பொய்யே இல்லாத நிறுவனம்" என்ற கேடயம் கொடுக்க வருவதாக இருந்தது. மேலாளர் புது டை கட்டிக்கொண்டு, அவர்களை வரவேற்கக் கீழே போக லிஃப்டில் ஏறினார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் அது நின்றது. ஊர் லிஃப்டுகளையெல்லாம் பராமரிக்கும் எங்களுக்கு எங்கள் லிஃப்டைப் பராமரிக்க நேரம் ஏது?

உள்ளிருந்து மேலாளர் செல்ஃபோனில் புகார்ப் பிரிவைக் கூப்பிட்டார். கணக்கர் அம்மா எடுத்தார்.

"மெக்கானிக் கிளம்பிட்டார் சார், பத்து நிமிஷத்துல வந்துடுவார்."

"எங்கேன்னே நான் இன்னும் சொல்லலையேம்மா!"

"எங்கேயா இருந்தாலும் கிளம்பிட்டார் சார்."

"ஐயோ, நான் மேலாளர்மா! நம்ம லிஃப்ட்லதான் மாட்டியிருக்கேன்!"

கணக்கர் அம்மா ஃபோனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "மேலாளராம். மெக்கானிக் யாரும் கிளம்பலைன்னு உண்மையைச் சொல்லிடவா?"

"சொன்னா இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடுமேம்மா. உங்க பச்சை என்ன ஆகறது?" என்றேன்.

அவர் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பக்கத்துத் தெரு திரும்பிட்டார் சார்."

"அப்பாடா!" என்றது லிஃப்ட். மெய்யர் சொன்னால் மேலாளர் நம்பித்தானே ஆக வேண்டும்?

அவர் நம்பினார். மறுபடி கூப்பிட்டார், மறுபடி நம்பினார். மூன்றாவது முறை மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்குள் உள்ளே விளக்கு போய்விட்டது. "காத்தே வரலையே, யாராவது இருக்கீங்களா?" என்ற குரல் மெலிந்து வந்தது. நாங்கள் எல்லோரும் லிஃப்ட் வாசலில் கூடி நின்று, "வந்துட்டார் சார், வந்துட்டார் சார்" என்று ஒற்றுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மாப்பிள்ளை மடியிலிருந்த தண்ணீர் கேனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கதவு இடுக்கில் வாயை வைத்தார்.

"சார், மெக்கானிக் கிளம்பவே இல்ல. மூணு பேரும் சாப்பிடப் போயிருக்காங்க. நான் போய் இழுத்துட்டு வரேன். நீங்க கதவை நெம்பாம அப்படியே உட்காருங்க."

உள்ளிருந்து, "யாரது?"

"நான்தான் சார். இல்லாதவன்."

"ஐயா! நீங்களா! போங்கய்யா, சீக்கிரம் போங்க!"

"போறேன் சார். ஒண்ணே ஒண்ணு. நான் இருக்கேனா சார்?"

"இருக்கீங்க! சத்தியமா இருக்கீங்க! நிரந்தரமா இருக்கீங்க! விடுப்போட இருக்கீங்க! ஓடுங்கய்யா!"

இதை நான் கேட்டேன். எல்லோரும் கேட்டார்கள். ஸ்டோர்காரர் கைகூடத் தட்டினார். மாப்பிள்ளை படியில் ஓடி, சாப்பிட்ட கையோடு ஒரு மெக்கானிக்கை இழுத்து வந்தார். கதவு திறந்தது. டை தோளுக்குப் பின்னால் போயிருக்க, மேலாளர் வெளியே தாவி மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, படியிலேயே இறங்கிப் போய்க் கேடயத்தை வாங்கினார்.

மறுநாள் சுற்றறிக்கை எண் இரண்டு. இதன் அழகுக்கு முன்னால் முதல் சுற்றறிக்கை தூசு. "மேலாளர் மெய்யர். மெய்யர் வாக்குக் கொடுத்தால் நிறைவேற்றுவார். இல்லாத ஒருவருக்கு வேலையோ விடுப்போ வழங்கப்படவில்லை. ஆகவே அப்படி ஒரு வாக்குக் கொடுக்கப்படவில்லை. லிஃப்டில் மாட்டியிருந்தால் மேலாளர் நிச்சயம் வாக்குக் கொடுத்திருப்பார். கொடுக்கவில்லை. ஆகவே மேலாளர் லிஃப்டில் மாட்டவில்லை."

சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துணை மேலாளர் நாற்காலி மேசைக்கு அந்தப் பக்கம் புதுத் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. கையெழுத்துப் போடும் நேரம் பார்த்து என் பேனா எழுதவில்லை. பின்னாலிருந்து ஒரு கை பேனா நீட்டியது.

"தேங்க்ஸ் மாப்பிள்ளை" என்றேன், வாய் தவறி.

மேலாளர் நிமிர்ந்தார். "யாருக்கு தேங்க்ஸ் சொன்னீங்க?"

"பேனாவுக்கு சார்."

மாப்பிள்ளை பேனாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதன் பிறகு அவர் அலுவலகத்துக்கும் வரவில்லை.

தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். குழந்தை அப்பாவை உரித்து வைத்திருந்தது. அப்பா வேலை தேடி வெளியே போயிருந்தார். பிரசவத்தன்று மட்டும் கூடவே இருந்தாராம். இல்லாதவர்களுக்கு அந்த ஒரு வசதி உண்டு.

"அண்ணா, அன்னிக்கு லிஃப்ட் வாசல்ல நீயும்தானே நின்னே? 'நிரந்தரமா இருக்கீங்க'ன்னு அந்த ஆள் சொன்னதை நீ கேட்டியா, இல்லையா?" என்று தங்கை கேட்டாள்.

"எல்லாம் பேசியாச்சும்மா. உத்தரவு கிளம்பிடுச்சு. வழியில வந்துக்கிட்டிருக்கு" என்றேன்.

அவள் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பேட்ஜைக் கழட்டி அப்படி வெச்சுட்டுச் சொல்லு."

பேட்ஜில் கைவைத்தேன். ஊக்கு இறுகிவிட்டது, கழற்ற வரவில்லை என்று சொன்னேன். நான் மெய்யர். நான் சொன்னால் அது இறுகித்தான் இருந்திருக்கும். தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதை நான் துணை மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே கேடயம் பளபளக்கிறது. சிவப்புப் பேட்ஜ் பெட்டி அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்கிறது. எடுத்த ஒன்றையும் மேலாளர் அதிலேயே போட்டுவிட்டார். எங்களுக்கு எந்த நேரமும் ஃபோன் செய்யலாம், யார் எடுத்தாலும் உண்மையைத்தான் சொல்வோம். மெக்கானிக் கிளம்பிவிட்டார். "நான் சொன்னது பொய்" என்று சொல்லக்கூடிய ஆள் மட்டும் எங்கள் நிறுவனத்தில் ஒருவர்கூடக் கிடையாது. இருந்தால் நாங்கள் விட்டுவைத்திருப்போமா?